அக்னஸ் டீச்சரின் ரேடியோ வகுப்பு

அக்னஸை முதன்முதலில் டீச்சர் என்று கூப்பிட்டது யார் என்று அந்தத் தோட்டத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவள் அல்ல. பயிற்சிக் கல்லூரி வாசலை மிதித்தவளும் அல்ல. மலேசியாவில் பாடாங் மேஹா பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீசில், டெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிராணியம்மாள், அதாவது குமாஸ்தா, அவ்வளவுதான். ஆனால் எண்பத்தொன்றாம் வருஷத்திலிருந்து சனிக்கிழமை மத்தியானங்களில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இளவட்டங்களுக்கு ரேடியோ வகுப்பு எடுத்தாள். சாக்குக்கட்டியைக் கையில் பிடித்துவிட்டால் நம் ஆட்களுக்கு அவர் டீச்சர்தான், வேறு பத்திரம் எதுவும் தேவையில்லை.

பயந்த சுபாவம். இதை மூடி மறைத்துப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு வீடு தாண்டியவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மழைக்கு முந்தின காற்று அடித்தாலே மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏறிவிடும். ஒரே மகன் டெஸ்மண்ட் மோட்டார் சைக்கிளில் பக்கத்து டவுன் கூலிம் போனால், அவன் திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. “அம்மா, பாசாருக்குத்தான் போறேன், சண்டைக்குப் போகல லா” என்று அவன் சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது.

பயந்தவர்களுக்கு ஏற்ற வேலை என்று ஒன்று உண்டென்றால் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை நிச்சயம் அது இல்லை. ஆனால் அக்னஸ் பத்தொன்பது வருஷம் அந்த வேலையைத்தான் பார்த்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அப்பா எப்படியோ பாதிரியார் காலைப் பிடித்து அவளைக் கான்வென்ட்டில் சேர்த்துவிட்டார். படித்து முடித்த கையோடு கூலிம் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே ஆளுயரப் பலகை. அதில் வரிசை வரிசையாகச் சின்ன விளக்குகள். ஒரு விளக்கு எரிந்தால் யாரோ டெலிபோனை எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே கம்பியைச் சொருகி “நம்பர் பிளீஸ்” என்று கேட்க வேண்டும். மேற்பார்வை பார்த்தவர் திலகம் என்ற யாழ்ப்பாணத்து அம்மா. வெள்ளைச் சேலையில் ஒரு சுருக்கம் இருக்காது. குரலில் இரக்கமும் அவ்வளவாக இருக்காது. “லைட் எரிஞ்சால் உடனை எடு பிள்ளை. அங்காலை ஆர் நிக்கினம், என்ன அவதியிலை நிக்கினம் எண்டு உனக்குத் தெரியாது” என்பார். அக்னஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். எரிந்த விளக்கை அவள் காத்திருக்க விட்டதே இல்லை.

எழுபத்து நாலில் ஒரு நாள் காலை, ஆஸ்பத்திரி வரிசை விளக்கு எரிந்தது. உடனே எடுத்தாள். தோட்டத்து ஆபீசுக்கு லைன் கேட்டார்கள். கொடுத்தாள். கிராணி ஆர்தர் நெஞ்சு வலி வந்து பாதி வழியிலேயே போய்விட்டார், வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள் என்று அந்தப் பக்கம் மலாய் மொழியில் சொன்னார்கள். அவருடைய வீட்டுக்காரிதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும். லைன் முடிந்ததும் கம்பியை ஒழுங்காகப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள் என்று உடன் வேலை செய்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் அதே நாற்காலியில்தான் வேலை. ஆனால் ஒவ்வொரு விளக்கு எரியும்போதும் யார் வீட்டுச் செய்தியோ என்று பயம் வரும். பயந்தாலும் கை தாமதித்ததில்லை.

எழுபத்தொன்பதில் எல்லாம் தானியங்கி ஆகிவிட்டது. பலகையைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். பெண்களை அலோர் ஸ்டாருக்கு மாற்றினார்கள். டெஸ்மண்ட் படித்துக்கொண்டிருந்தான். தெரியாத ஊரில் தனியாக ஒரு பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தே அவளுக்கு உதறல் எடுத்தது. ஆர்தர் வேலை பார்த்த தோட்டத்திலேயே டெலிபோன் பார்க்க ஆள் தேவை என்றார்கள். வந்துவிட்டாள்.

வகுப்பை ஆரம்பித்து வைத்தவர் உதவி மேனேஜர் குலசிங்கம். அவரும் யாழ்ப்பாணத்து வம்சம்தான். காக்கிக் கால்சட்டையும் ஓயாத யோசனையுமாகத் திரிவார். அந்தச் சமயத்தில் பினாங்கில் எலெக்ட்ரானிக் ஃபேக்டரிகள் பஸ் அனுப்பித் தோட்டத்துப் பிள்ளைகளை வேலைக்கு அள்ளிக்கொண்டு போயின. கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு நல்ல இடம் கிடைக்கும், நீங்கள்தான் இருபது வருஷம் கம்பியும் கையுமாக இருந்தவராயிற்றே என்று அவர் அக்னஸைப் பிடித்தார். எனக்குச் சொல்லிக் கொடுக்க வராது சார், பிள்ளைகள் கையில் கரன்ட் அடித்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று அவள் ஒரு மாதம் தட்டிக் கழித்தாள். அவர் விடவில்லை.

முதல் வகுப்பு படுதோல்வி. ஆர்தருடைய டிரான்சிஸ்டரின் முதுகைக் கழற்றி மேசையில் வைத்து, இதற்குள்ளே ஆள் யாரும் இல்லை என்று ஆரம்பித்தாள். முன் வரிசையில் இருந்த ரமணி என்ற பெண், “டீச்சர், எங்க வீட்ல கலர் டிவி இருக்கு லா” என்றாள். வகுப்பே சிரித்தது. அக்னஸுக்குக் காது சிவந்துவிட்டது. அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து எதைச் சொல்வது என்று யோசித்தாள். அடுத்த வாரம் டிரான்சிஸ்டரோடு போகவில்லை. பழைய டெலிபோன் ஒன்றோடு போனாள். அதன் வாய்ப்பகுதியைத் திருகித் திறந்து, உள்ளே இருந்த கரித்தூளைக் காகிதத்தில் கொட்டிக் காட்டினாள். நீ பேசும்போது உன் குரலின் அதிர்வு இந்தத் தூளை நெருக்கும், தளர்த்தும், அதற்குத் தக்கபடி கம்பியில் ஓடுகிற கரன்ட் கூடும், குறையும், அந்தப் பக்கத்தில் அது மறுபடி சத்தமாகும் என்றாள். அந்தக் கறுப்புத் தூளை ஒவ்வொருவரும் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

கம்பி வழியே போகிற குரல், பிறகு கம்பியே இல்லாமல் போகிற குரல், ஏரியலை ஏன் உயரத்தில் கட்டுகிறோம், பகலில் கேட்காத தூரத்து ஸ்டேஷன் பொழுது இறங்கினால் ஏன் கேட்கிறது என்று வகுப்பு வளர்ந்தது. உலகக் கோப்பை நடந்த வருஷம், ஸ்பெயினில் உதைத்த பந்தை நம் வீட்டு டிவி அதே நேரத்தில் எப்படிக் காட்டியது என்று பையன்கள் கேட்டார்கள். சேட்டிலைட்டை விளக்க அக்னஸ் கூலிம் லைப்ரரியில் ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் உட்கார்ந்து படித்தாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவாள். வகுப்பில் பேட்டரியைத் தவிர வேறு கரன்டைத் தொட விடமாட்டாள். ஈயம் பற்ற வைக்கிறவன் ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர்ச் செருப்பு போடாமல் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவாள். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, ஜன்னலை எல்லாம் சாத்தி, ஏதாவது புகைகிறதா என்று மூக்கால் தேடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அந்த வகுப்பில் படித்தவர்களில் பாதிப் பேர் பினாங்கிலும் சுங்கை பட்டாணியிலும் நல்ல வேலைக்குப் போனார்கள். ரமணி சீக்கிரத்திலேயே லைன் லீடர் ஆகிவிட்டாள்.

இருளப்பன் மட்டும் எங்கும் போகவில்லை. பால் வெட்டும் மருதம்மாளின் மகன் அவன். ஆற்றங்கரையில் இருந்த தோட்டத்துப் பம்பு வீட்டில் வேலை. அப்பா இல்லை. அம்மாவை விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனசில்லை. அம்மாவுக்கும் விட மனசில்லை. பேச்சு குறைவு. ஆனால் வகுப்பில் சொன்ன எதையும் அவன் மறந்ததில்லை. சொன்னபடி செய்வான். சொல்லாததைச் செய்யமாட்டான். இப்படி ஒருவன் கிடைத்தானே என்று அக்னஸ் நிம்மதிப்பட்டுக்கொண்டாள். பாவம், அந்த நிம்மதியே அவளுக்கு வினையாக வந்தது.

எண்பத்திரண்டில் மூடா ஆறு கரை மீறி வந்து தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்து வீடுகளுக்குள் புகுந்தது. அதைப் பார்த்த குலசிங்கம் அடுத்த வருஷம் மேலிடத்தில் சண்டை போட்டு மூன்று வயர்லெஸ் செட் வாங்கிவிட்டார். எல்லைப்புறக் காடுகளில் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கிச் சத்தம் அடங்காத காலம் அது. வயர்லெஸ் என்றாலே போலீஸ் மூக்கை நுழைக்கும். லைசன்ஸ் வாங்கி, கண்டதைப் பேசினால் எல்லாரையும் உள்ளே வைப்பார்கள் என்று எச்சரித்துத்தான் செட்டை அக்னஸ் கையில் ஒப்படைத்தார். அவளுக்குப் போதுமே. அன்றிலிருந்து தூக்கம் போச்சு. ஆபீஸ் செட்டுக்குப் போஸ்ட் ஒன்று, கீழ் டிவிஷனுக்கு இரண்டு, பம்பு வீட்டுக்கு மூன்று என்று நம்பர் கொடுத்தாள். காற்றில் யார் பேரையும் சொல்லக்கூடாது, நம்பரைத்தான் சொல்ல வேண்டும், பேசி முடித்தால் ஓவர் என்று சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி அதிகம் போகாது, பேசினால்தான் தின்னும். அதனால் ஆபீஸ் கூப்பிட்டால்தான் மற்றவர்கள் பேச வேண்டும். பம்பு வீட்டுக்காரன் மட்டும், கரையில் நட்ட கம்பத்தின் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் தானாகப் பேசலாம். இரண்டு தடவை கூப்பிடுவேன் என்றாள். பதில் இல்லையென்றால் செட் போச்சு அல்லது ஆளுக்கு ஏதோ ஆச்சு என்று வைத்துக்கொண்டு, உடனே ஆள் அனுப்புவேன். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி, வாயால் சொல்ல வைத்து, சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பால்மரங்களுக்கு நடுவே நிறுத்திப் பழக்கினாள். பையன்கள் கடைக்குப் போய்க்கூட “ஒரு கிலோ சீனி, ஓவர்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பழக்கம் எல்லாம் பளிச்சென்று வெயில் அடிக்கும் மத்தியானத்தில்தான் நடந்தது. பொழுது சாய்ந்தபின் பிள்ளைகளைக் காட்டுக்குள் நிறுத்த அவளுக்குத் தைரியம் கிடையாது.

அந்த வருஷமும் அக்டோபர் மழை விட்டபாடில்லை. ஒரு வியாழக்கிழமை காலையிலேயே ஆறு நிறம் மாறிவிட்டது. இருளப்பன் பம்பு வீட்டிலிருந்து அக்னஸ் கூப்பிட்ட போதெல்லாம் அளவு சொன்னான். மத்தியானத்துக்கு மேல் தானாகவே பேசினான். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. குலசிங்கம் கீழ் லயத்துக் குடும்பங்களை லாரியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். ஒரு குழந்தைக்குக்கூடக் கால் நனையவில்லை. எல்லாரும் அக்னஸைப் பாராட்டினார்கள். அவளோ, இருளப்பன் இன்னும் அங்கேயே இருக்கிறானே என்று குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஏற்கெனவே வந்திருக்க வேண்டியவன். தண்ணீர் இன்னும் ஏறுகிறதா என்று தெரிந்தால் நல்லது, விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் இரு என்று குலசிங்கம் கேட்டுக்கொண்டதை அவனிடம் சொன்னவள் அவள்தான். சரி டீச்சர், ஓவர் என்றான். பம்பு வீடு மேட்டில் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று எல்லாரும் சொன்னார்கள். மேட்டில் இருந்தால் மட்டும் என்ன, அங்கே போகிற வழியில் ஓடையும் மரப்பாலமும் இருக்கிறதே என்று அவள் மனசு பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

மழையோடு மழையாகப் பொழுது இறங்கியது. ஆபீசில் விளக்கைப் போட்டார்கள். அக்னஸ் மைக்கை எடுத்தாள். நம்பரைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தானே எழுதிய சட்டம். ஆனால் வாயில் வந்தது நம்பர் இல்லை.

“இருளப்பா.”

இரைச்சல் மட்டும் கேட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டாள், கொஞ்சம் உரக்க. செட் தன்பாட்டுக்கு இரைந்தது. பொத்தானை விட்டுவிட்டு அவள் குலசிங்கத்தைப் பார்த்தாள். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை. இத்தனை மாதத்தில் இருளப்பன் ஒரு அழைப்பைக்கூடத் தவறவிட்டவன் இல்லை. காலையில் புது பேட்டரி மாற்றிக்கொண்டுதான் போயிருந்தான். செட் போயிருக்காது. ஆளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது.

ஆள் அனுப்ப வேண்டும் என்பதும் அவள் எழுதியதுதான். லாரி பள்ளிக்கூடத்தில் நின்றது. ஆபீசில் மோட்டார் வைத்திருந்தவன் டெஸ்மண்ட் ஒருவன்தான். கீழ் லயத்துக் கிழவர்களை ஏற்றி இறக்க வந்தவன், ஈரச் சட்டையோடு வாசலில் நின்றிருந்தான். நான் போய்ப் பார்க்கிறேன் என்றான். அக்னஸ் வாயைத் திறந்தாள். இன்னொருத்தி மகனை அங்கே நிறுத்தி வைத்துவிட்டு, தன் மகனைப் போகாதே என்று எந்த வாயால் சொல்வாள்? மெதுவாப் போடா என்று மட்டும் சொன்னாள். மோட்டார் சத்தம் மழைக்குள் போய்க் கரைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மருதம்மாள் வந்தாள். தலையில் பிளாஸ்டிக் சீட்டு, முழங்கால் வரை சேறு. மகன் பேசவில்லை என்று யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். அழவில்லை. வாசலிலேயே நின்றாள். உள்ளே வாருங்கள் என்று குலசிங்கம் சொன்னது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அக்னஸை மட்டும் பார்த்தாள்.

“டீச்சர், என்னான்னு கூப்பிட்டீங்க?”

அக்னஸ் தலையைக் குனிந்தாள். சட்டத்தை மீறிப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதாகச் சொன்னாள்.

“எத்தன தடவ?”

“ரெண்டு.”

மருதம்மாள் பிளாஸ்டிக் சீட்டைத் தலையிலிருந்து எடுத்தாள். “அவன் எப்புடி டீச்சர் பேசுவான்? பொழுது எறங்குனப்புறம், ஆத்தங்கரையில, ஆளு தெரியாமப் பேரச் சொல்லிக் கூப்புட்டா மூணாவது தடவைக்குத்தான் ஏன்னு கேக்கணும். மத்ததுக்கு ரெண்டு தடவைக்கு மேல கூப்புடத் தெரியாது. நாந்தான் சொல்லிச் சொல்லி வளத்தேன்.”

இது அக்னஸுக்குத் தெரியாத சங்கதியா? லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்குத்தான் தெரியாது? அவளுடைய அம்மா சிலுவை போட்டுக்கொண்டே இதைத்தான் சொல்லுவாள். எரிந்த விளக்கை உடனே எடுக்க வேண்டும் என்ற திலகத்தின் சொல் உள்ளே போனபோது அம்மா சொன்னது வெளியே போய்விட்டிருந்தது. தனக்குள்ளிருந்து போனது பிள்ளைகளுக்குள் இருந்தும் போயிருக்கும் என்று எப்படி நினைத்தாள்? கரித்தூளையும் சேட்டிலைட்டையும் சொல்லிக் கொடுத்தாயிற்று. அவர்கள் தலையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டாளா? நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவன் பேசியிருப்பான். எந்தப் பேயும் போஸ்ட் மூணு என்று கூப்பிடாது. இவளுடைய பதற்றம்தான் பேரைச் சொல்ல வைத்தது. இவளுடைய சட்டம்தான் இரண்டோடு நிறுத்தியது.

மைக்கை எடுத்தாள்.

“இருளப்பா.”

குரல் உடனே வந்தது. பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு.

“போஸ்ட் மூணு. சொல்லுங்க டீச்சர், ஓவர்.”

மருதம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அக்னஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குள் அவனே பேசினான். தண்ணீர் ஒரு முழம் இறங்கிவிட்டது, பயமில்லை என்றான். ஆனால் அவனால் இன்றைக்கு வர முடியாது. இருட்டுகிறதற்கு முன்னால் போய்ப் பார்த்தானாம், ஓடையில் தண்ணீர் ஏறி மரப்பாலத்துப் பலகைகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. கூப்பிட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தானாம். கூப்பிடாமல் பேசக்கூடாதே.

டெஸ்மண்ட் அந்தப் பாலத்தை நோக்கித்தான் போயிருக்கிறான். அவனிடம் செட் இல்லை. பலகை இருக்கிறதா இல்லையா என்று இந்த மழையில் அவன் மோட்டார் விளக்குக்குத் தெரியப்போவதில்லை. அக்னஸ் பொத்தானை அழுத்தினாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே பின்னால் ஞாபகம் இல்லை. டெஸ்மண்ட், பாலம், மோட்டார் என்று மூன்று வார்த்தையாவது வந்திருக்க வேண்டும். ஏனென்றால் இருளப்பன் கேள்வி கேட்கவில்லை.

“நான் போறேன் டீச்சர்.” ஓவர் சொல்ல மறந்துவிட்டான்.

அதன் பிறகு செட்டில் இரைச்சல் மட்டும்தான். அக்னஸ் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் எடுக்க அங்கே ஆள் இல்லை. குலசிங்கம் லாரிக்கு ஆள் அனுப்பினார், கயிறும் டார்ச்சும் எடுக்கச் சொன்னார், தானும் கிளம்பிப் போனார். லாரி அந்தச் சகதியில் ஓடைவரை போய்ச் சேருமா என்பது அவருக்கே சந்தேகம். ஆபீசில் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். அக்னஸ் ஜெபமாலையை எடுத்தாள். வார்த்தை ஓடவில்லை. முதல் மணியிலேயே விரல் நின்றுவிட்டது. பாலத்தில் பலகை இல்லை, பலகை இல்லை என்று அதே நினைப்பு திரும்பத் திரும்ப வந்தது. மருதம்மாள் தரையில் உட்கார்ந்து செட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து மகனைத் திரும்பக் கொடுத்தார்கள். உடனே அவனை ஆற்றுப்பக்கம் அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். மருதம்மாள் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்னஸுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செட் கரகரத்தது. யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். மூச்சு வாங்கும் சத்தம் முதலில் வந்தது.

“அம்மா. கேக்குதா?”

டெஸ்மண்ட். அக்னஸ் மைக்கைப் பிடித்தாள். அவன் பேர் வாயில் வந்துவிட்டது, சட்டமாவது ஒன்றாவது. மோட்டார் ஓடையோடு போய்விட்டது என்றான். பாலத்துக் கட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இருந்தானாம். அந்தப் பக்கத்திலிருந்து இருளப்பன் பம்புக் கயிற்றை வீசி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்துப் போட்டானாம். இப்போது பம்பு வீட்டுக்கு வந்துவிட்டோம், இடது கையில் மட்டும் சிராய்ப்பு என்றான். அக்னஸ் ஆண்டவரே, ஆண்டவரே என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

பிறகுதான் பின்னால் திரும்பிப் பார்த்தாள். மருதம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள் தண்ணீருக்குப் போனார்கள். பெட்டிக்குள்ளிருந்து வந்தது ஒரு குரல்தான், அதுவும் அவள் பிள்ளையுடையது இல்லை. அக்னஸ் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தி, இருளப்பன் எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது.

“இங்கதாம்மா இருக்கான். குளிர்ல பல்லு அடிக்குது. பேச முடியல.”

“அப்புடித்தான் டீச்சர் சொல்லுவாங்க” என்றாள் மருதம்மாள். “எங்க வீட்டுக்காரர் போனப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருக்காருன்னாங்க.”

டெஸ்மண்ட் பொய் சொல்லமாட்டான் என்று அக்னஸ் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆர்தர் போன அன்று யாராவது அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் அவளும்தான் நம்பியிருக்கமாட்டாள். நாற்காலியை விட்டு எழுந்து மருதம்மாளை அதில் உட்கார வைத்தாள். மைக்கை அவள் கையில் கொடுத்து, தன் கையால் பொத்தானை அழுத்தினாள். எப்படிப் பேசுவது என்று மருதம்மாளுக்குத் தெரியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவனைக் கூப்பிடுகிற மாதிரி பலமாகக் கூப்பிட்டாள்.

“இருளப்பா!”

அக்னஸ் விரலை எடுத்தாள். இரைச்சல்கூட வர நேரமில்லை.

“அம்மா.” நடுங்கித்தான் வந்தது. ஆனால் அவன் குரல்தான், அதில் சந்தேகம் இல்லை.

மருதம்மாள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகம் கோணியது. இத்தனை நேரம் அடக்கி வைத்ததெல்லாம் இப்போது உடையப்போகிறது என்று நினைத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே அக்னஸ் அவள் தோளைத் தொட்டாள். உடைந்தது கோபமாகத்தான்.

“ஒரு தடவ கூப்புட்டதுக்கே ஏன்டா ஏன்னு கேட்ட? என்னா சொல்லி வளத்தேன் ஒன்னய? ஆத்தங்கரையில நின்னுக்கிட்டு, இருட்டுல, யாரு என்னான்னு பாக்காம வாயத் தொறக்குற?”

அக்னஸ் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். பல் அடிக்கும் சத்தத்தோடு, “நீதானம்மா” என்றான் இருளப்பன்.

மருதம்மாள் மைக்கை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே லாரி எங்கேயோ சேற்றில் முக்கிக்கொண்டிருந்தது. அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்னஸை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னொரு தடவ பேசச் சொல்லுங்க டீச்சர்.”

அக்னஸ் பொத்தானை அழுத்திக் கொடுத்தாள்.